எருவில் சிவந்த முகம்

மணிவண்ணன் வெற்றிலை போடுகிறவர் அல்ல. இருந்தும் வாரம் தவறாமல் மஞ்சுளாவின் மளிகைக் கடையில் சுண்ணாம்பு வாங்கினார். கூடவே மஞ்சள்தூள். அவருடைய மனைவி செல்வகுமாரி வந்து வாங்கியிருந்தால் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். குழம்புக்கு மஞ்சள், ஆரத்திக்குச் சுண்ணாம்பு என்று போயிருக்கும். வாங்கியது ஆம்பளை. அதிலும் கடைக்கு வந்தால் நாலு வார்த்தை பேசாத ஆம்பளை. ஒருநாள் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பிற்பாடு மஞ்சுளா அதை மற்றவர்களிடம் சொன்னபோது மழை விடுபட்டுப் போயிருந்தது.

எங்கள் தெருவுக்கு அவர் வெளியூர்க்காரர். சொந்த ஊர் ஆற்றோரத்துச் செல்லிப்பட்டு. திருபுவனைத் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி அடிக்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். மகள் வெண்ணிலாவின் படிப்புக்காக வில்லியனூர்ப் பக்கம் வந்து, பலராமன் வீட்டை ஒட்டியிருந்த அவருடைய ஓட்டுவீட்டில் வாடகைக்குக் குடியேறினார். பலராமனுக்குக் கரும்பும் நெல்லுமாக நிலம் உண்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவருடைய மாட்டுக் கொட்டகை, அதன் பின்னால் எருக்குழி. இரண்டு வீட்டுக் குப்பையும் அதில்தான் விழும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பகல்களில் மணிவண்ணன் தூங்குவதில்லை. ஏணி வைத்து ஏறி, கொட்டகையின் தகரக் கூரைமேல் கண்ணாடிச் சட்டம் ஒன்றை வெயிலில் வைத்துவிட்டு இறங்குவார். சற்று நேரம் கழித்து மறுபடி ஏறிப் பார்ப்பார். தெருவில் போகிறவர்களின் கண்ணில் அந்தக் கண்ணாடி பளிச்சென்று அடிக்கும். சிக்னல் பிடிக்கிறார் என்றார்கள் சிலர். பக்கத்துத் தெருவில் ஒருவர், அது பூமிக்குள் இருப்பதைக் காட்டுகிற கண்ணாடி என்றார். பலராமனின் மனைவி கலியம்மாள் நேராகவே செல்வகுமாரியிடம் கேட்டார். படம் பிடிக்கிறார் என்று பதில் வந்தது. கேமரா எங்கே என்று கலியம்மாள் கேட்க, கேமரா இல்லை, மஞ்சளில்தான் பிடிக்கிறார் என்றார் செல்வகுமாரி. அதன் பிறகு கலியம்மாள் எதுவும் கேட்கவில்லை. பொய் சொல்கிறவர்களிடம் மேற்கொண்டு கேட்பது அவர் வழக்கமில்லை.

செல்வகுமாரி சொன்னது பொய்யில்லை.

வெண்ணிலாவின் வெள்ளைச் சட்டையில் ஒருநாள் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டதும் கறை குங்கும நிறமானது. கொடியில் காய்ந்ததும் வெயில் அதைத் தின்றுவிட்டது. எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் அன்றைக்குக் காற்றில் வந்த முருங்கைக் கொத்து ஒன்று ஈரச் சட்டைமேல் ஒட்டிக்கொண்டே காய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் கறை முழுக்கப் போயிருக்க, முருங்கை இலைகளின் வடிவம் மட்டும் மஞ்சளாக நின்றது, காம்பு உட்பட. செல்வகுமாரி சட்டையை மறுபடி வெயிலில் போடக் கேட்டார். மணிவண்ணன் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

அங்கிருந்து ஆரம்பித்தது. கொரோனா காலத்தில் மிஞ்சிப்போன கைகழுவும் சானிடைசரில் மஞ்சளைக் கரைத்தார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கெட்டித் தாளில் பூசி, கட்டிலுக்கடியில் இருட்டில் காயவைத்தார். போனில் எடுத்த முகத்தை வில்லியனூரில் கறுப்பு வெள்ளையாகப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, அதில் நல்லெண்ணெய் தடவினார். எண்ணெய் இறங்கினால் தாளுக்குள் வெளிச்சம் போகும். அதை மஞ்சள் தாள்மேல் பரத்தி, சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடியை அதன்மேல் வைத்து, துணி கிளிப் மாட்டி வெயிலில் வைப்பார். வெள்ளை இருக்கிற இடத்தில் வெயில் உள்ளே இறங்கி மஞ்சளை வெளுக்கும். கறுப்பு மறைக்கிற இடத்தில் மஞ்சள் பிழைத்துக்கொள்ளும். கடைசியாகச் சுண்ணாம்பின் தெளிந்த நீரைத் தடவினால் பிழைத்த மஞ்சளெல்லாம் சிவக்கும். வெறும் தாளிலிருந்து ஒரு முகம் மேலே வரும்.

போனில் முகம் எடுப்பதற்கும் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, எதிரில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து வைப்பார். வெளிச்சம் தாடைக்குக் கீழிருந்து ஏறி முகச் சுருக்கங்களை எடுத்துக் காட்டும். கரும்பு வேலைக்குப் போகிற ராமாயியை அப்படி எடுத்தார். ஆட்டோ ஓட்டுகிற சார்லஸை எடுத்தார். மஞ்சுளாவைக்கூட, கடை வாசலில் சிரிக்கச் சொல்லி எடுத்தார். எடுக்கக் கொடுத்தவர்கள் மறந்துபோனார்கள். போனில் யாரை யார்தான் எடுக்கவில்லை. ஆனால் மஞ்சளில் வந்த படத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. இன்னும் நன்றாக வரட்டும் என்று தள்ளிப்போட்டார். அந்தப் படங்களை வெளியில் மாட்டவும் முடியாது. வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுத்துக்கொண்டே இருக்கும். எனவே எல்லாவற்றையும் ஒரு பழைய தகரப் பெட்டியில் போட்டு மூடி, கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த முகம் பலராமனுடையது. தடித்த மீசை, உழுத மாதிரி நெற்றி. கறுப்பும் வெள்ளையும் அந்த முகத்தில் சண்டையில்லாமல் பிரிந்து நின்றன. வீட்டுக்காரரிடம் போய் உட்காருங்கள் என்று கேட்கக் கூச்சம். தெருமுனையில் அய்யனார் கோயில் திருவிழாவுக்கு வைத்த பேனரில் பலராமன் கும்பிட்டபடி நின்றார். அதைப் போனில் எடுத்துக்கொண்டார். அதன் ஜெராக்ஸைச் சட்டைப் பையில் மடித்து வைத்ததில், மடிப்பு இடது கண்ணின் குறுக்கே விழுந்து கறுப்பு உதிர்ந்துவிட்டது. வெயிலில் வைத்து எடுத்தபோது மீசை மஞ்சளாக அருமையாக நின்றது. இடது கண்ணில் வெறும் வெள்ளை. வீணாகிப்போன படத்துக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று அப்படியே எருக்குழியில் போட்டார். தாளும் மஞ்சளும்தானே, மக்கிவிடும்.

பொங்கல் முடிந்த கையோடு பலராமன் கரும்பு வயலில் நடக்கும்போது தோகை ஒன்று இடது கண்ணில் கிழித்துவிட்டது. கண் சிவந்து நீர் வடிந்தது. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். சீக்கிரம் சரியாகும் என்றார். மாசி பிறந்தும் ஆகவில்லை. அதே நாட்களில் வேறொரு துண்டு நிலத்தில் புதுக் கரும்பு நட வேண்டியிருந்ததால், எருக்குழியை வாரி டிராக்டரில் ஏற்றி அங்கே இறைத்தார்கள்.

நடவுச் சாலில் கரும்புக் கரணை வைத்துக்கொண்டு போன ராமாயியின் கையில் ஒரு தாள் தட்டுப்பட்டது. முந்தானையால் மண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகு கையை உதறிக்கொண்டார். கரும்புத் தோகை ஒன்றைக் கிழித்து, அதன்மேல் தாளைத் தள்ளி ஏந்திக்கொண்டு, வரப்பில் நின்ற பலராமனிடம் போய் நீட்டினார்.

பலராமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். தாளில் அவர் முகம் இருந்தது. ரத்தச் சிவப்பாக. இடது கண் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அன்று அவர் யாரையும் திட்டவில்லை. வேலையை முடித்து ஆட்களை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து, தாளைக் கலியம்மாளிடம் காட்டினார். இருவரும் முதலில் நினைத்தது பலராமனின் தம்பியைத்தான். பாகம் பிரித்ததில் வாய்க்கால் பற்றி ஒரு மனக்கசப்பு உண்டு. தம்பி அந்த வாரம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அது கரிசனம் என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். இப்போது அந்த விசாரிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்து வேலையை விட்டு நின்ற மாட்டுக்காரர், பெண் கேட்டுக் கொடுக்காத சம்பந்தம். சந்தேகம் ஊரைச் சுற்றிவிட்டு, மறுநாள் மஞ்சுளாவின் கடைக்கு வந்து நின்றது. கலியம்மாள் எண்ணெய் வாங்கப் போனவர் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். தாள் மஞ்சளும் சிவப்புமாக இருக்கிறது என்றார். மஞ்சுளா தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலராமன் மணிவண்ணன் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் கலியம்மாள், சார்லஸ், ராமாயி, தெருவில் இன்னும் நாலைந்து பேர். பலராமன் குரலை உயர்த்தவில்லை.

"மணி, இத்த பாரு. இது இன்னா?"

மணிவண்ணன் தாளை வாங்கினார். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் பயம் வரவில்லை. வந்தது வேறு. அதுதான் அவரைக் கெடுத்தது.

"செவந்துகீதே," என்றார். "நான் போடும்போது வெறும் மஞ்சளா இருந்துச்சிணா. சுண்ணாம்பே தடவல."

"அப்ப நீதான் போட்ட."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவசரமாக விளக்க ஆரம்பித்தார். எருக்குழியில் மாட்டு மூத்திரம் இறங்கியிருக்கும், அதற்கும் சுண்ணாம்பு மாதிரியே மஞ்சளைச் சிவக்கவைக்கிற காரம் உண்டு, ஜெராக்ஸ் மடிந்து கண் போய்விட்டது, வீணானதால் போட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துக் கேட்டால் ஒன்றுகூட அப்படித் தெரியவில்லை.

"அப்ப மாடுதான் செய்வின வெச்சிதுன்ற," என்றார் சார்லஸ். யாரோ சிரித்தார்கள். கலியம்மாள் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வேறு எத்தனை பேருடைய படம் இருக்கிறது என்று பலராமன் கேட்டார். மணிவண்ணன் உள்ளே போய்ப் பெட்டியை இழுத்துவந்து வாசலில் திறந்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டத்தான் திறந்தார். திறந்ததும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ராமாயி சிவப்பாக இருந்தார். மஞ்சுளா சிவப்பாகச் சிரித்தார். சார்லஸ் குனிந்து தன் முகத்தை மட்டும் உருவி எடுத்து, பார்க்காமலே நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் படம் இருந்தவர்கள் சமீபத்தில் வந்த தலைவலியை, இருமலை, பஞ்சரான டயரை நினைத்துப் பார்த்தார்கள். ராமாயிக்கு முதுகுவலி. அது பத்து வருஷமாக இருக்கிறதுதான். ஆனாலும் கை முதுகுக்குப் போனது.

கலியம்மாள் உட்கார்ந்து, தாள்களை ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அடிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்பா, தெருவுல பாதி பேரு இதுல கீறோம். உன் பொண்டாட்டி எங்க? உன் பொண்ணு எங்க?"

மணிவண்ணன் பெட்டியைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். அல்லது ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைத் தேடி எடுத்தார்.

"இது நிக்காது அண்ணி. வெளிச்சம் பட பட அழிஞ்சிடும். அவங்கள அதுல வெக்க மனசு வர்ல."

"அப்ப நாங்க அழிஞ்சா பரவால்ல," என்றார் கலியம்மாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

பலராமன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சண்டை வேண்டாம், இந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்துவிடு என்றார். செல்வகுமாரி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். வெண்ணிலாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இந்த மாதக் கடைசியில்தான் தொடங்குகிறது. நடுவில் வீடு மாறினால் எங்கே போய்ப் படிப்பாள்? செல்லிப்பட்டு வீட்டில் கொழுந்தன் குடும்பம் இருக்கிறது. இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தால் இங்கே சுற்றுவட்டத்தில் எவர் வீடு கொடுப்பார்? பரீட்சை முடியும் வரைக்குமாவது இருக்க விடுங்கள் என்று கேட்டார். பலராமன் தரையைப் பார்த்தார். அவருக்கு வெண்ணிலாமேல் கோபம் இல்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

கலியம்மாள் எழுந்து குச்சியைக் கீழே போட்டார். அதில் ஒன்றும் இல்லை என்றால் உன் பெண் முகத்தையும் அதே மாதிரி போட்டுக் காட்டு என்றார். எல்லார் எதிரிலும், பட்டப்பகலில். போட்டு முடித்து எங்களிடம் கொடு, என் புருஷன் முகம் கிடந்த சாலிலேயே அதைப் புதைக்கிறோம். புதைக்கச் சம்மதம் என்றால் இதே வீட்டில் இருந்துகொள்.

மணிவண்ணன் வாயைத் திறந்தார். சரி என்று சொல்லத்தான் திறந்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் சொல் வர ஒரு கணம் பிந்தியது. அந்த ஒரு கணத்தைத் தெருவே பார்த்தது. ராமாயி மெதுவாக, "பாத்தியா," என்றார்.

"அவ மூஞ்சிய அதுல போட்டீன்னா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்," என்றார் செல்வகுமாரி.

மணிவண்ணன் திரும்பி மனைவியைப் பார்த்தார். மஞ்சள் கரைத்த கிண்ணங்களை இத்தனை நாளும் கழுவி வைத்தவர் அவர்தான். வடிகட்டிய துணியைத் துவைத்தவர் அவர்தான். படம் பிடிக்கிறார் என்று தெருவுக்குச் சொன்னவரும் அவர்தான். அத்தனையும் செய்துகொண்டே உள்ளுக்குள் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வாசலில்தான் மணிவண்ணனுக்குத் தெரிந்தது.

வெண்ணிலா உள்ளிருந்து வந்தாள். தலை பின்னி, ஒரு பக்கத்து ரிப்பன் மட்டும் கட்டியிருந்தாள்.

"எடுப்பா," என்றாள். "சாயங்காலம் எனக்கு டியூஷன் கீது."

பலராமனின் நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் அது நடந்தது. கலியம்மாள் தன் வீட்டுத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுடையதை நம்பவில்லை. வெண்ணிலா வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். முதல் படம் கலங்கிப்போய், மணிவண்ணன் மறுபடி எடுத்தார். சார்லஸ் ஆட்டோவில் வில்லியனூர் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தார். மடிக்கக்கூடாது என்று மணிவண்ணன் சொல்லியனுப்பியதால், மடியில் ஒரு செய்தித்தாளுக்குள் வைத்து நேராகவே கொண்டுவந்தார். எண்ணெய் தடவப் போனபோது அது எங்கள் வீட்டு எண்ணெயாக இருக்கட்டும் என்றார் கலியம்மாள். மஞ்சள் பூசிய தாள் மட்டும் மணிவண்ணனுடையது. அதையும் கலியம்மாள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

கண்ணாடியின் கீழே எல்லாம் அடுக்கிக் களத்தின் நடுவில் வைத்தாயிற்று. அதன்பின் செய்ய ஒன்றுமில்லை. வெயில்தான் செய்ய வேண்டும். கலியம்மாள் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். ஆட்கள் சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். ஒருவர் அருகே வந்து குனிந்தபோது மணிவண்ணன், "நிழல் வுழுது, தள்ளுங்க," என்றார். அவர் தீ மிதித்தவர் போலக் காலைப் பின்னுக்கு எடுத்தார். அதற்குப் பிறகு தங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். செல்வகுமாரி களத்துப் பக்கமே வரவில்லை. அவர் வீட்டுச் சன்னல் கதவு மட்டும் பாதி திறந்திருந்தது.

வெயில் சாய்ந்ததும் மணிவண்ணன் கண்ணாடியை எடுத்தார். தாள் வெளிறிக் கிடந்தது. முகம் இருப்பது மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரிந்தது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் பஞ்சை நனைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தார். பின்னல் வந்தது. நெற்றி வந்தது. பிறகு இரண்டு கண்களும் முழுசாக வந்தன. கலியம்மாள் தன்னை மறந்து முன்னால் குனிந்தார்.

"கம்மல் கூட வந்துகீது பாரேன்," என்றார். சொன்னதும் நிமிர்ந்து, முகத்தைப் பழையபடி இறுக்கிக்கொண்டார்.

காய்ந்ததும் பலராமன் துண்டை விரித்து அதில் தாளை வாங்கிக்கொண்டார். வெண்ணிலா டியூஷனுக்குப் போய்விட்டிருந்தாள். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அந்த மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. செல்வகுமாரியும் எங்கும் போகவில்லை. ஆனால் மணிவண்ணன் மாறிப்போனார். கூரைமேல் கண்ணாடி வைப்பதை நிறுத்தினார். பகலில் வெண்ணிலா படிக்கும்போது எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தும்மினால் எழுந்து சன்னலைச் சாத்தினார். சோறு மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்டார். பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது கால் இடறிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, இடறிய இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒரு கல் இருந்தது. அந்தக் கல்லைப் பார்த்த பிறகும் அவருக்கு நிம்மதி வரவில்லை. பலராமனின் கண் இதற்குள் தெளிந்துவிட்டிருந்தது. சொட்டு மருந்தால் என்றார் டாக்டர். படம் மண்ணிலிருந்து வெளியே வந்ததால் என்றது தெரு.

அறிவியல் பரீட்சைக்கு முந்தைய நாள் வெண்ணிலாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய மணிவண்ணன், கடையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, பலராமனின் புதுக் கரும்பு வயலுக்குள் இறங்கினார். கரணைகள் முளைவிட்டிருந்தன. நண்பகல். எந்தச் சால் என்று அவருக்குத் தெரியாது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, முளைகளில் படாமல் விரலாலேயே மண்ணைக் கிளறிக்கொண்டு போனார். தண்ணீர் பாய்ந்த நிலம். சேறு முழங்கை வரை ஏறியது.

தண்ணீர் திருப்ப வந்த பலராமன் மண்வெட்டியை ஊன்றி வரப்பில் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா தேடற?"

மணிவண்ணன் எழுந்து நின்றார். கையைப் பின்னால் வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. "பாப்பாவுக்குக் காய்ச்சல்ணா," என்றார். "நாளைக்குப் பரீட்ச."

பலராமன் கறுப்புக் கண்ணாடி இல்லாத இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தார்.

"அப்ப அதுல எதுவோ கீதுன்னு உனக்கும் தோணுது."

மஞ்சளைப் பற்றி, வெயிலைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றி மணிவண்ணனுக்குத் தெரியாதது இல்லை. அத்தனையும் அப்போதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. சேற்றுக் கையோடு நின்றுகொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"இங்க இல்ல," என்றார் பலராமன். "கலியம்மா பொதைக்க வுடல. நாளைக்கி உன் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா எங்க மேல தான வரும்னு சொல்லிட்டா. அரிசி டிரம்முல வெச்சிகீறா. இருட்டுல இருந்தா அழியாதுன்னு நீதான சொன்ன."

"குடுத்துடுங்கணா."

"குடுக்க மாட்டா. அது எங்ககிட்ட இருக்குற வரிக்கும் நீ எங்கள ஒன்னும் பண்ண மாட்டன்னு நெனைக்கிறா." பலராமன் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி மடையைத் திறந்தார். தண்ணீர் சாலுக்குள் இறங்கி, கிளறிய இடங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. "நானுந்தான் நெனைக்கிறேன். நீ வூட்ட காலி பண்ண வேணாம், மணி. பரீட்ச முடிஞ்சாலும் வேணாம். இங்கியே இரு."

மறுநாள் காய்ச்சல் இறங்கி வெண்ணிலா பரீட்சை எழுதினாள். தேர்ச்சியும் பெற்று, இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் அதே ஓட்டுவீட்டில்தான் இருக்கிறார்கள். பலராமன் கூரையில் ஓடு மாற்றிக் கொடுத்தார். தெருவில் யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வீட்டுக்காரர்களும் கேட்காதது போலப் போய்விடுகிறார்கள்.

வெண்ணிலாவுக்கு லேசாக இருமல் வந்தாலும் முதலில் வந்து கதவைத் தட்டுவது கலியம்மாள்தான். கையில் கஷாயச் சொம்பு இருக்கும். அவள் குடித்து முடிக்கும் வரை வாசலிலேயே நிற்பார். மணிவண்ணன் சொம்பை வாங்கி, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் கொடுக்கிறார்.